கப்ளிங் கண்டன்சர் பிறந்த கதை

ஃபேன் மெதுவாகச் சுற்றினால், "கண்டன்சர் போயிருக்கும், மாத்திடுங்க" என்று சொல்ல எலக்ட்ரீஷியன் வரவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். கடையில் போய் "ரெண்டரை" என்றால் போதும், 2.5 மைக்ரோ ஃபாரட் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குள் சுருட்டி வைத்திருப்பது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். அதன்மேல் ஆவியாக்கிப் படியவைத்த உலோகப் பூச்சு. ஹை-ஃபை பித்துப் பிடித்த நண்பர் ஒருவர் தன் ஆம்ப்ளிஃபையருக்காக வெளிநாட்டிலிருந்து நாலு கண்டன்சர் தருவித்தார். கொடுத்த பணத்துக்கு இரண்டு ஃபேனே வாங்கியிருக்கலாம். அவற்றுக்குள்ளும் இருந்தது அதே பாலிப்ரொப்பிலீன்தான். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில் சில வாரம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் தேர்ந்தெடுத்தது தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாட்டு போகும் பாதையில் எந்தக் கண்டன்சரைப் போடுவது என்று உலகெங்கும் நடக்கும் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். அந்தப் பாதையில் நிற்கும் எதுவுமே பாட்டுக்கென்று பிறந்ததில்லை. தந்திக்கு, டெலிபோனுக்கு, சட்டைத் துணிக்கு, அரிசிச் சாக்குக்கு என்று எதெதற்கோ பிறந்து, பிறகு இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவை.

வேலை என்னவோ ஒன்றுதான். வால்வு ஆம்ப்ளிஃபையரில் முதல் வால்வின் பிளேட்டில் 200 வோல்ட் டி.சி. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டு அதன்மேல் சில வோல்ட் அலையாக ஏறியிறங்கும். அடுத்த வால்வின் கிரிட்டுக்கு அந்த அலை மட்டும் வேண்டும், 200 வோல்ட் கூடவே கூடாது. நடுவில் நின்று டி.சி.யை மறித்து அலையை மட்டும் விடுவதுதான் கப்ளிங் கண்டன்சர். இரண்டு உலோகத் தகடு, அவற்றுக்கிடையே மின்சாரம் தாண்ட முடியாத ஒரு பொருள், அவ்வளவே அதன் உடம்பு. பேப்பர், மைலார், செராமிக், எலக்ட்ரோலிட்டிக் என்று நாம் வகை பிரிப்பதெல்லாம் அந்த நடுப்பொருளை வைத்துத்தான்.

முதல் நடுப்பொருள் கண்ணாடி. 1745 அக்டோபரில் பொமரேனியாவில் எவால்ட் ஃபான் கிளைஸ்ட் என்பவர் ஒரு மருந்து பாட்டிலில் ஆணியைச் செருகி, அதற்கு மின்னேற்றி, கையால் தொட்டு, தூக்கியெறியப்பட்டார். சில மாதங்களில் ஹாலந்தின் லைடன் நகரில் பேராசிரியர் முஸ்சென்ப்ரூக்கின் சோதனைச்சாலையிலும் அதே அடி விழுந்தது. பிரான்ஸ் தேசத்தையே எழுதிக் கொடுத்தாலும் இன்னொரு முறை தொடமாட்டேன் என்ற பொருளில் அவர் பாரிசுக்குக் கடிதம் எழுதினார். பாரிஸ்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1746இல் அபே நொலே என்ற பாதிரியார் அரசர் முன்னிலையில் 180 வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, ஒரே ஜாடியால் அத்தனை பேரையும் ஒருசேரத் துள்ள வைத்தார்.

அப்போது அதற்குப் பெயர் லைடன் ஜாடி. 1782இல் இத்தாலியின் வோல்ட்டா தன் கருவி ஒன்றுக்குக் 'கொண்டென்சத்தோரே' என்று பெயர் வைத்தார். ஆங்கிலம் பின்னாளில் அதைக் கைவிட்டுக் 'கெப்பாசிடர்' என்று மாறிக்கொண்டது. நம் பாடப்புத்தகம் 'மின்தேக்கி' என்கிறது. நம் கடைத்தெரு மட்டும் வோல்ட்டா வைத்த பெயரை இன்னும் விடவில்லை.

லைடன் ஜாடிக்காரர்கள் இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள். ஜாடியை முழுவதும் வடித்துவிட்டு, சற்று நேரம் கழித்துத் தொட்டால் மறுபடி ஒரு சிறு அடி. தகடு காலியானாலும் கண்ணாடிக்குள் ஊறிப் போனது மெல்லக் கசிந்து வெளியே வருகிறது. பழைய டி.வி.யைக் கழற்றிக் கை சுட்டுக்கொண்ட மெக்கானிக்குகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஊறலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் கழித்து ஒரு பெரிய சண்டைக்கு இதுதான் முதலாகப் போகிறது.

கண்டன்சரைச் சோதனைச்சாலையிலிருந்து வெளியே இழுத்து வந்தது தந்தி. கடலடிக் கேபிள் என்பதே ஆயிரம் மைல் நீளக் கண்டன்சர்தான். உள்ளே செம்புக்கம்பி, சுற்றிலும் கட்டாபெர்ச்சா என்ற காப்புப் பொருள், வெளியே கடல்நீர். அனுப்பிய சைகை மறுமுனையில் ஏன் இழுபட்டு வழிகிறது என்பதை ஃபாரடே இதை வைத்துத்தான் விளக்கினார். மின் அளவை ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டலாம் என்று 1861இல் யோசனை சொன்னவர்களும் தந்திப் பொறியாளர்கள்தான். கேபிளை ஈடுகட்டக் கேபிள் போன்ற கண்டன்சர்கள் கூடைகூடையாகத் தேவைப்பட்டன. கண்ணாடி ஜாடியை அடுக்கிக் கட்டுப்படியாகுமா? 1876இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் மெழுகில் தோய்த்த காகிதத்தையும் உலோகத்தாளையும் மாற்றி மாற்றி வைத்துச் சுருட்டுவதற்குக் காப்புரிமை வாங்கினார். காகிதக் கண்டன்சர் அங்கே பிறந்தது.

மனிதக் குரல் முதன்முதலாகக் கண்டன்சர் வழியே போனது ரேடியோவில் அல்ல, டெலிபோனில். 1890களில் எக்ஸ்சேஞ்சிலேயே ஒரு பொது பேட்டரியை வைத்து எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் கொடுக்கும் முறை வந்தபோது, ஒரு வீட்டின் டி.சி. அடுத்த வீட்டுக் கம்பியில் கலக்காமல் பேச்சை மட்டும் கடத்த வேண்டியிருந்தது. ஜான் ஸ்டோன் ஸ்டோன் என்ற அமெரிக்கர் நடுவில் கண்டன்சர்களை வைத்தார். (ஸ்டோன் இரண்டு முறை அச்சாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், பெயரே அப்படித்தான்.) வால்வே பிறக்காத காலம் அது. கப்ளிங் கண்டன்சரின் பிறந்தநாள் என்று ஒன்றைக் கொண்டாடுவதானால், நான் இந்த எக்ஸ்சேஞ்சுக்குத்தான் மாலை வாங்கிப் போவேன்.

1900இல் இங்கிலாந்தின் மான்ஸ்பிரிட்ஜ் தனி உலோகத்தாளையே ஒழித்து, காகிதத்தின் மேலேயே மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்தார். இடம் மிச்சமானதோடு எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. காகிதத்தில் எங்காவது ஓட்டை விழுந்து பொறி பறந்தால், அந்த இடத்துப் பூச்சு எரிந்து ஆவியாகிவிடும்; ஓட்டையைச் சுற்றி உலோகமே இல்லாததால் ஷார்ட் ஆகாது. காயம் தானே ஆறிக்கொள்ளும். நம் ஃபேன் கண்டன்சரும் இந்த வம்சம்தான். ஒவ்வொரு முறை காயம் ஆறும்போதும் பூச்சில் துளி பரப்பு குறையும். சில வருடத்தில் ரெண்டரை ஒன்றரையாகி, ஃபேன் சோம்பேறியாவது அதனால்தான்.

காகிதம் ஒத்துவராத இடங்களுக்கு மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்பார்கள், அப்பிரகம் என்றும் சொல்வதுண்டு. வில்லியம் டுபிலியர் 1909 வாக்கில் மைக்கா கண்டன்சரை உருவாக்கி, வயர்லெஸ் கருவிகளில் லைடன் ஜாடிகளின் இடத்துக்குக் கொண்டுவந்தார். நல்ல மைக்காவுக்கு உலகம் இந்தியாவைத்தான் நம்பியிருந்தது. கோடர்மா ஒரு பக்கம், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கூடூர் இன்னொரு பக்கம். பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி விளையாடிய காக்காப்பொன், ஏடு ஏடாகப் பிரித்து அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அது போர்த்தளவாடத்துக்குச் சமம். மைக்கா கண்டன்சர் இன்றும் முதல்தரம். ஆனால் பெரிய மதிப்பில் செய்ய முடியாது, செய்தால் விலை கட்டாது.

ரேடியோவுக்கு வருவோம். 1920களின் ரேடியோக்களில் வால்வுக்கு வால்வு பாட்டைக் கடத்தியது பெரும்பாலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். அது விலை கூட. எல்லாச் சுருதியையும் ஒரே சீராகவும் கொண்டுபோகாது. அதிகம் பெருக்கும் வால்வுகள் வந்ததும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு காகிதக் கண்டன்சரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 0.02 மைக்ரோ ஃபாரட்டும் 1 மெகா ஓமும் சேர்ந்தால் 8 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் போகும். மனிதக் காதுக்கு அது தாராளம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. என் சிறுவயதில் வீட்டு வால்வு ரேடியோ ஒருநாள் கரகரத்து, உள்ளே ஒரு வால்வின் பிளேட் அடுப்புக்கரி போலச் சிவந்தது. ரேடியோ மெக்கானிக் மூடியைக் கழற்றி, மெழுகு வழிந்திருந்த ஓர் அட்டைக் குழலைத் திருப்புளியால் தட்டிக் காட்டினார். "இதாம் தம்பி, கப்ளிங் கண்டன்சர் லீக்கு. பாட்டை மட்டும் அந்தப் பக்கம் விடணும். இது கரன்டையும் சேத்து விடுது."

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கண்டன்சரின் தடை ஆயிரக்கணக்கான மெகா ஓம். காகிதம் ஈரம் குடித்து அது 20 மெகா ஓமுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். 20 மெகா ஓம் என்பது மீட்டருக்கே பெரும் தடைதான். ஆனால் மறுபக்கம் 200 வோல்ட் இருக்கிறது, கிரிட்டில் 1 மெகா ஓம் இருக்கிறது. கிரிட்டில் 9 வோல்ட்டுக்கு மேல் வந்து நிற்கும். ஈ.எல். 84 போன்ற வால்வின் கிரிட் கேத்தோடைவிட 7 வோல்ட் போலத் தாழ்ந்து இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அந்தத் தாழ்வு முழுவதையும் கசிவு தின்றுவிட்டால் வால்வுக்குக் கடிவாளமே இல்லை, சிவந்து சாகும். கடற்காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வால்வு காலத்தில் கண்டன்சர் வகையைத் தேர்வதென்றால் முதல் கேள்வி ஓசை நயம் அல்ல, ஒழுகாமல் இருக்குமா என்பதே.

ஒழுகாத பொருள் ஒரு துணி ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. 1941இல் மான்செஸ்டரின் கேலிகோ பிரிண்டர்ஸ் சங்கத்தில், துணிக்கு அச்சுப் போடுகிற நிறுவனத்தில், வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். நூலாக இழுத்தால் டெரிலின், படலமாக இழுத்தால் மைலார். அறுபதுகளில் டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தவர்களுக்கு, வீட்டு ரேடியோவுக்குள்ளும் அதே டெரிலின் சுருண்டு கிடப்பது தெரிந்திருக்காது. ஈரம் குடிக்காது, வோல்ட்டேஜ் தாங்கும், விலையும் மலிவு. காகிதத்தின் கதை அநேகமாக அத்தோடு முடிந்தது. மல்லார்டு நிறுவனத்தின் கடுகு மஞ்சள் நிறப் பாலியெஸ்டர் கண்டன்சர்கள் மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் ராக் இசையின் ஓசையோடு சேர்த்தே பேசப்படும் பேறு பெற்றன. அப்போது அங்கே கைக்குக் கிடைத்த நல்ல சரக்கு அது, அதனால் போட்டார்கள். புராணம் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

மற்ற பிளாஸ்டிக்குகளும் இப்படித்தான். பாலிஸ்டைரீனை நாம் தெர்மாக்கோலாக அறிவோம். அதன் தெளிந்த படலத்தில் செய்யும் கண்டன்சர் துல்லியத்தில் மிக உயர்ந்தது. ஆனால் சூடு ஆகாது. சால்டரிங் அயர்னைச் சற்று அதிகம் அழுத்திப் பிடித்தால் உருகிக் கெடும். பாலிப்ரொப்பிலீனை 1954இல் மிலானில் ஜூலியோ நத்தா ஒழுங்கான சங்கிலியாக அமைத்தார், 1963இல் அவருக்கும் ட்சீக்லருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அரிசி வரும் நெய்த சாக்கும் அதுதான். ரசிகர்கள் உச்சாணியில் வைக்கும் டெஃப்லானோ 1938இல் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயு தேடப் போய்ச் சிலிண்டருக்குள் தற்செயலாகக் கண்ட வெள்ளைப் பொடி. பிறகு அது தோசைக்கல்லுக்கும் வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே இன்னொரு சாதி பிறந்திருந்தது. போலந்துக்காரர் கரோல் பொல்லாக் 1896இல் அலுமினியத்தின் மேல் தானாக வளரும் ஆக்சைடு தோலையே நடுப்பொருளாக வைத்தார். ஒரு வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன்தான். அதனால் சின்னக் குப்பிக்குள் பெரிய மதிப்பு அடங்கியது. 1920களில் வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரேடியோ வந்து ஹம் என்று உறுமத் தொடங்கியபோது, அதை அடக்க எலக்ட்ரோலிட்டிக் ஓடி வந்தது. அதில் உழைத்தவர்களில் ஒருவர் ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு. டிரான்சிஸ்டருக்கு 1920களிலேயே காப்புரிமை கேட்ட அதே மனிதர். டிரான்சிஸ்டரை அப்போது யாராலும் செய்து காட்ட முடியவில்லை, கண்டன்சருக்குத்தான் வேலை கிடைத்தது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அந்த டிரான்சிஸ்டர் 1947இல் பெல் ஆய்வகத்தில் உண்மையிலேயே வந்தபோது, பாட்டுப் பாதையிலிருந்து மைலாரைத் துரத்தி எலக்ட்ரோலிட்டிக்கை உள்ளே விட்டது அதுவே. வால்வின் கிரிட் 1 மெகா ஓம். டிரான்சிஸ்டரின் உள்வாசலோ 10 கிலோ ஓம், சில இடங்களில் அதற்கும் கீழே. தடை நூறு மடங்கு குறைந்தால் கண்டன்சர் நூறு மடங்கு பெரிதாக வேண்டும். 10 மைக்ரோ ஃபாரட்டை மைலாரில் சுருட்டினால் பாக்கெட் ரேடியோவில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு வெளிவாசலில் 2000 மைக்ரோ ஃபாரட் வேண்டும். எலக்ட்ரோலிட்டிக்கை விட்டால் கதியில்லை. கொஞ்சம் வசதியிருந்தால், அதே பெல் ஆய்வகம் 1950களின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டருக்குத் துணையாக உருவாக்கிய டான்டலம். உறுமலை அடக்க வாசலில் நிறுத்திய காவல்காரனைப் பந்தியில் பரிமாற விட்டது போல ஆயிற்று.

எழுபதுகளில் முணுமுணுப்பு எழுந்தது. 1980 பிப்ரவரி, மார்ச் இதழ்களில் அமெரிக்க 'ஆடியோ' பத்திரிகை வால்ட்டர் ஜங், ரிச்சர்டு மார்ஷ் இருவரின் நீண்ட கட்டுரையை வெளியிட்டது. கண்டன்சரைத் தேர்வது எப்படி என்பதே அதன் பொருள். நடுப்பொருள்களை இழப்பு, ஊறல் என்ற கணக்குகளில் வரிசைப்படுத்தினார்கள். டெஃப்லான், பாலிஸ்டைரீன், பாலிப்ரொப்பிலீன் மேலே, மைலார் நடுவே, டான்டலமும் எலக்ட்ரோலிட்டிக்கும் கீழே. லைடன் ஜாடியின் பழைய ஊறல் திரும்பி வந்துவிட்டது. பாலிப்ரொப்பிலீனில் அது பத்தாயிரத்தில் சில பங்கு, மைலாரில் ஆயிரத்தில் சில பங்கு, எலக்ட்ரோலிட்டிக்கில் நூற்றுக்குப் பத்து வரைகூடப் போகும். கட்டுரைக்குப் பிறகு ஒரு வியாபாரமே முளைத்தது. செம்புத்தாள், வெள்ளித்தாள், எண்ணெயில் ஊறியது என்று விலை ஏறிக்கொண்டே போனது.

மறுதரப்பும் பேசியது. ஊறல் என்பது நேரியல்பு கொண்டது, சில ரெசிஸ்டர்-கண்டன்சர் ஜோடிகளைப் பக்கத்தில் சேர்த்தால் அப்படியே வரைந்துவிடலாம். அதனால் பாட்டில் இல்லாத புதுச் சுருதி எதுவும் பிறக்காது என்றார்கள். எனக்கு இந்த வாதம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த வரிசைப் பட்டியல் வீணில்லை. ஊறல் குறைந்த பொருள்களே பெரும்பாலும் சிதைவும் குறைந்தவையாக இருந்தன. காரணம் பிசகினாலும் கை நல்ல பொருளின் மேல்தான் விழுந்தது.

அளந்து பார்த்தவர்களில் என் மதிப்புக்குரியவர் சிரில் பேட்மன். பத்து லட்சத்தில் ஒரு பங்கு சிதைவையும் பிடிக்கும் கருவியைத் தானே கட்டி, 2002இலிருந்து 'எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு' இதழில் தொடராக எழுதினார். செராமிக் என்றாலே மட்டம் என்ற நம்பிக்கை அதில் உடைந்தது. செராமிக்கில் இரண்டு குடும்பம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட பேரியம் டைட்டனேட் ஒன்று. எக்ஸ்-7-ஆர் என்று அச்சிட்டு வரும் இன்றைய சில்லுகள் அதன் பிள்ளைகள். கடுகளவு இடத்தில் பெரிய மதிப்பு தரும். ஆனால் வோல்ட்டேஜ் ஏற ஏற மதிப்பு இறங்கும். சிறிய சில்லுகளில் அறிவித்த மதிப்பில் பாதிக்கும் கீழே போய்விடும். பாட்டின் அலையோடு மதிப்பும் ஆடினால் சிதைவு வராமல் என்ன செய்யும்? விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்கவும் செய்யும், மைக் போல. இன்னொரு குடும்பம் சி-ஜீரோ-ஜி. மதிப்பு சிறிதுதான், வோல்ட்டேஜுக்கும் சூட்டுக்கும் அசையாது. பேட்மனின் மேசையில் அது பாலிஸ்டைரீனோடு தோளுரசி நின்றது.

எலக்ட்ரோலிட்டிக்குக்கும் மறுவாழ்வு கிடைத்தது. டக்ளஸ் செல்ஃப் என்ற ஆங்கிலேயர், எலக்ட்ரோலிட்டிக்கின் மேல் விழும் பாட்டு வோல்ட்டேஜ் 80 மில்லிவோல்ட்டைத் தாண்டாதவரை அது அளக்கும்படியாகச் சிதைக்காது என்று எழுதினார். 10 மைக்ரோ ஃபாரட், 10 கிலோ ஓம், 1 வோல்ட் பாட்டு. 20 ஹெர்ட்ஸில் கண்டன்சரின் மேல் விழுவது கிட்டத்தட்ட 80 மில்லிவோல்ட். பாட்டு 8 வோல்ட் ஆனால் அது 640 ஆகிவிடும். அப்போது என் நண்பர் பட்டியலைத் திறந்து டெஃப்லான் தேடுவார். 10ஐ எடுத்துவிட்டு 100 மைக்ரோ ஃபாரட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போட்டால் 64 மில்லிவோல்ட். செலவு ஒரு டீக் காசுகூட ஆகாது. கண்டன்சரின் மேல் பாட்டு விழாவிட்டால் அது எதைச் சிதைக்கும்?

கண்டன்சரின் மேல் பாட்டு விழுந்தே தீரவேண்டிய இடங்களும் உண்டு: டோன் கன்ட்ரோல், ஃபில்ட்டர், இசைத்தட்டுக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. சர்க்யூட். காசு இருந்தால் அங்கே இறக்கலாம். பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன், சி-ஜீரோ-ஜி எல்லாம் அங்கே வாங்கிய விலைக்கு உழைக்கும். அங்கேயும் மதிப்பு ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருப்பது பெயர்ப்பலகையைவிட முக்கியம். வால்வு செட்டில் மைலாரோ பாலிப்ரொப்பிலீனோ, 400 அல்லது 630 வோல்ட் தாங்குவதாகப் பார்த்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

நண்பரோடு பேச்சு திரும்பிவிட்டது. போன மாதம் பழைய வால்வு ரேடியோ ஒன்றைப் புதுப்பிக்க அவரே உதவினார். பழைய ரேடியோ பிரியர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். மெழுகு அட்டைக் குழலை ஹேர் டிரையரால் சூடாக்கி உள்ளே இருந்த காகிதச் சுருளை உருவினோம். கைக்குள் நசநசவென்று வந்தது. அந்தக் கூட்டுக்குள் சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் மைலார் ஒன்றை, 630 வோல்ட், பன்னிரண்டு ரூபாய், நுழைத்து இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகை ஊற்றி அடைத்தார். ஆறியதும் துணியால் துடைத்துப் பார்த்தோம். வெளியே 0.02 என்ற பழைய எழுத்து மங்காமல் இருந்தது. ரேடியோவைப் போட்டோம். வால்வு சூடாகும் வரை அரை நிமிடம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.